கை காட்டினால் விளங்குமா? பிள்ளைகளும் சைகைகளும்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். கிளினிக் வாங்கிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும், சில நேரம் ஓட்டோவுக்குள்ளும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்பவர்கள் எல்லோரும் பிள்ளையின் பேச்சைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது கையைப் பற்றி. அது ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

"எங்கட பிள்ளைக்கு எல்லாம் விளங்குது. கதைக்கிறதுதான் இல்லை." இதில் பயப்பட என்ன இருக்கிறது?

இந்த வசனத்தை வாரத்துக்கு நாலு தரமாவது கேட்கிறேன். சில வீடுகளில் அது முழு உண்மை. வேறு சில வீடுகளில் பிள்ளைக்கு விளங்கியது சொல் இல்லை, சூழ்நிலை.

அம்மம்மா படலையடியில் குடையோடு நிற்கிறார். "ராசா, செருப்பைப் போடு, கடைக்குப் போவம்" என்கிறார். சொல்லும்போதே கண் செருப்புக்குப் போகிறது, கையும் அந்தப் பக்கம் நீள்கிறது. இரண்டு வயதுப் பேரன் ஓடிப்போய்ச் செருப்பை எடுக்கிறான். "பாத்தியே, எல்லாம் விளங்குது!" என்று வீடே மகிழ்கிறது. ஆனால் அவனுக்கு முன்னால் இருந்த குறிப்புகளை எண்ணிப் பாருங்கள்: குடை, படலை, அம்மம்மாவின் கண், அம்மம்மாவின் கை. "செருப்பு" என்ற சொல் ஐந்தாவது. அவன் எதைப் பிடித்துக்கொண்டு ஓடினான்?

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒன்றரை வயது தாண்டிய பிள்ளை என்றால் செய்து பார்க்கலாம். ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தபடி, வெளியே போகும் ஆயத்தம் எதுவும் இல்லாமல் "செருப்பு எங்கை?" என்று கேளுங்கள். இன்னொரு நாள் வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் காட்டுங்கள்.

சொல்லில் தடுமாறி, கை காட்டியதும் ஓடுகிற பிள்ளைக்குச் சைகை விளங்குகிறது, மொழி பின்தங்கியிருக்கிறது. அவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பார்த்தே ஆகவேண்டும். காது மந்தமான பிள்ளைகள் கையையும் முகத்தையும் வாசித்தே வீட்டாரை வருடக்கணக்கில் ஏமாற்றிவிடுவார்கள். சொல்லைக் கேட்டு எடுத்து வருகிற பிள்ளை, கை காட்டும்போது உங்கள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றால் அது வேறு கதை, கீழே வருகிறது. இரண்டிலும் தடுமாறினால் ஒரு கிழமைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பேன்.

சொல்லையும் கையையும் பிரித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இதுதான்.

சைகை என்று எதைச் சொல்கிறீர்கள்? கைதடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதைக்கும் சைகை மொழியா?

இல்லை. கைதடி நவீல்ட் பாடசாலையில் படிக்கும் காது கேளாத பிள்ளைகள் கையால் கதைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. சைகை மொழி என்பது தமிழைப் போல, சிங்களத்தைப் போல ஒரு முழு மொழி. அதற்கென்று சொல் உண்டு, இலக்கணம் உண்டு. நான் இங்கே சொல்வது எல்லோரும் பேச்சோடு பேச்சாகச் செய்யும் கையசைவை.

அதில் ஒன்று விரல் நீட்டிச் சுட்டுவது. இன்னொன்று ஊர் வழக்கான சைகை: டாட்டா காட்டுவது, கும்பிடுவது, வாயில் விரல் வைத்து அடக்குவது. மூன்றாவது பாவனைச் சைகை. கையில் கோப்பை இல்லாமலே குடிப்பது போலக் காட்டினால் தேத்தண்ணி. இரண்டு கையையும் முறுக்கிக் காட்டினால் மோட்டர் சைக்கிள். மூன்றும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் விளங்குவதில்லை, ஒவ்வொரு குறைபாட்டிலும் ஒவ்வொன்று அடிபடுகிறது.

சுட்டைப் பற்றி ஒரு சின்ன விலகல். சுட்டெழுத்து அ, இ, உ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வேறு இடங்களில் பேச்சில் உகரச் சுட்டு ஏறத்தாழப் போய்விட்டது. எங்கள் வாயில் "உது", "உவன்", "உங்கை" என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பெருமைதான். ஆனால் "உதை எடுத்து அங்கை வை" என்ற வசனத்தில் ஒரு பொருளின் பெயராவது இருக்கிறதா? கையை எடுத்துவிட்டால் அந்த வசனத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் நிறைய இப்படித்தான் ஓடுகிறது. சுட்டு விளங்காத பிள்ளைக்கு அதெல்லாம் வெறும் சத்தம்.

எந்த வயதில் எது விளங்க வேண்டும்?

ஒன்பது மாதமளவில் பெரும்பாலான குழந்தைகள் அம்மா பார்க்கும் பக்கம் தாமும் பார்க்கத் தொடங்கும். கிட்ட இருப்பதைக் காட்டினால் அதைப் பார்க்கும். ஒரு வயதை ஒட்டித் தானே விரல் நீட்டும், டாட்டா காட்டும். ஒன்றரை வயதளவில் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டினாலும் திரும்பித் தேடும். முதலில் கண்ணுக்கு முன்னால் இருப்பது, பிறகுதான் பின்னால் இருப்பது. பாவனைச் சைகை மெதுவாகத்தான் வரும். இரண்டு வயதில் அரைகுறை, மூன்று வயதில் பேச்சோடு சேர்த்துக் காட்டினால் நன்றாக விளங்கும், அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போகும்.

மாதக் கணக்கில் ஒன்றிரண்டு முன்பின் இருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. வரிசை குழம்பினால்தான் கவனிப்பேன்.

எங்கள் பழைய ஆட்களுக்கு இந்த வரிசை தெரிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை எடுத்துப் பாருங்கள்: சப்பாணி கொட்டுவது முன்னால், ஒன்பதாம் மாதத்தோடு சேர்த்துச் சொல்வார்கள், அம்புலியைக் காட்டுவது நன்கு பின்னால். கைதட்டுவதற்கு அம்மாவைப் பார்த்துச் செய்தால் போதும். நிலாவைப் பார்க்க அம்மாவின் விரலிலிருந்து ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு வானம் வரை போகவேண்டும். அங்கே இருப்பதை எட்டவும் முடியாது, தின்னவும் முடியாது. முற்றத்தில் நிலாக் காட்டிச் சோறு தீத்துகிற அம்மம்மா தனக்குத் தெரியாமலே ஒரு நல்ல சோதனை செய்துகொண்டிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறீர்கள்? கை காட்டுவது சின்ன விஷயம்தானே?

2009-இல் மெரிடித் ரோவும் சூசன் கோல்டின்-மெடோவும் சிக்காகோவில் 50 குடும்பங்களைப் பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 14 மாத வயதில் கையால் கூடுதலான பொருள்களைக் குறித்துக் காட்டிய பிள்ளைகளுக்கு நாலரை வயதில் சொல்வளமும் கூடுதலாக இருந்தது. பெற்றோர் எவ்வளவு கை காட்டினார்களோ அதற்கேற்பப் பிள்ளைகளும் காட்டினார்கள். பேச்சு வருவதற்கு முன்பே பேச்சைப் பற்றித் துப்புத் தருவது கைதான்.

பிள்ளை விரல் நீட்டும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? "கோழி!" என்கிறோம். ஒவ்வொரு சுட்டுக்கும் ஒரு சொல் பரிசாகக் கிடைக்கிறது. சுட்டாத பிள்ளைக்கு அந்தப் பரிசு கிடைப்பதில்லை.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சைகை விளங்கவே விளங்காதா?

ஓட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் சிறு வயதிலேயே பாதிக்கும் ஒரு வளர்ச்சி வேறுபாடு. சைகை அவர்களுக்கும் விளங்கும். எல்லாச் சைகையும் ஒரே மாதிரி விளங்காது, அவ்வளவுதான்.

சுட்டுவதில் இரண்டு நோக்கம் உண்டு. அலுமாரிக்கு மேலிருக்கும் விசுக்கோத்துப் பேணியைக் காட்டுவது "தா" என்பதற்கு. மதிலில் ஓடுகிற அணிலைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது "பார்" என்பதற்கு. அணில் அவனுக்கு வேண்டாம்; நீங்களும் அதைப் பார்க்கவேண்டும், அதுதான் வேண்டும். இந்த வேறுபாட்டை 1975-இல் எலிசபெத் பேட்ஸும் இத்தாலிய ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் "தா" சுட்டு ஓரளவு கைகூடும், "பார்" சுட்டுத்தான் செய்வதிலும் விளங்குவதிலும் கடினம் என்று சைமன் பாரன்-கோஹன் 1989-இல் காட்டினார். மேலே சொன்ன நிலா முழுக்க முழுக்கப் "பார்" சுட்டு.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு மின்விசிறி என்றால் உயிர். நான் கூரையைக் காட்டி "அங்கை பார்!" என்றேன். அவன் என் விரலைப் பார்த்தான், மோதிரத்தைப் பார்த்தான், மோதிரத்தைச் சுழற்றினான். கொஞ்ச நேரத்தில் மின்விசிறியைத் தானாகவே கண்டுவிட்டான். உடனே என் மணிக்கட்டைப் பிடித்து, முகத்தைப் பாராமலே, இழுத்துக்கொண்டு போய் என் கையைச் சுவிச்சில் வைத்தான். ஆசை இருந்தது. என்னைக்கொண்டு காரியம் ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. விரலுக்கும் தூரத்துப் பொருளுக்கும் நடுவே ஓடுகிற அந்தக் கோடுதான் அவனுக்குத் தெரியவில்லை. அம்மா அழுதார், "அவனுக்கு எங்களில பாசம் இல்லையோ" என்று. பாசத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இன்னொன்று, சொல்லும் கையும் ஒரே கணத்தில் வந்தால் எங்களுக்கு விளக்கம் கூடும். ஓட்டிசம் உள்ள பதின்ம வயதினரை வைத்து 2010-இல் வெளியான ஒரு ஆய்வில், பேச்சோடு சைகை சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டிசம் உள்ளவர்களோ பேச்சு மட்டும் இருந்தபோதைவிடத் தாமதித்தார்கள். இரண்டு தண்டவாளத்தையும் ஒன்றாகப் பார்க்கவேண்டிய கஷ்டம். அதனால் சில பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டி, ஒரு மூச்சு விட்டு, பிறகு சொல்கிறேன். எல்லோருக்கும் இது பொருந்தாது, செய்து பார்த்துத்தான் அறியவேண்டும்.

நன்றாகக் கதைக்கும் ஓட்டிசப் பிள்ளைகளிடம் பிரச்சினை பிந்தி வெளியே வரும். வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். பிள்ளை, "அம்மா, இந்த மாமிதானே கடனைத் திருப்பித் தரேல்லை?" என்று தொடங்குகிறான். அம்மா கண்ணைக் காட்டுகிறார், உதட்டைக் கடிக்கிறார், மேசைக்குக் கீழே காலால் தட்டுகிறார். அவன் முழு விவரத்தையும் சொல்லி முடிக்கிறான். அது வாய்க்கொழுப்பு இல்லை. சாடை விளங்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கண்சாடையை ஒரு பாடம் போல, சொல்லிச் சொல்லித்தான் படிப்பிக்க வேண்டும்.

இலங்கையில் ஓட்டிசம் அரிதானதா?

2009-இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பார்த்து, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. ஒரு அரைநகரப் பகுதியில் செய்தது, யாழ்ப்பாணத்துக் கணக்கு இல்லை. இருந்தாலும் உங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கலாம் என்பதை அது சொல்கிறது.

டவுன் சின்ட்ரோம் உள்ள எங்கள் மகளுக்கு மூன்று வயது. ஒரு சொல் இல்லை, ஆனால் கையால் எல்லாம் கேட்கிறாள். நல்லதா கெட்டதா?

மிக நல்லது. டவுன் சின்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் கண்டதை வைத்திருப்பது எளிது. அதனால் சைகை அவர்களின் பலமான பக்கம். விளங்குவதிலும் அப்படித்தான்: சொல்லை மட்டும் சொன்னால் பேசாமல் இருக்கிற பிள்ளை, குடிப்பது போலக் காட்டியவுடன் கோப்பையைத் தேடிப் போகும்.

இங்கிலாந்தில் 1970-களில் மார்கரெட், கேத்தி, டோனி என்ற மூவர் பேச்சோடு சேர்த்துக் காட்டும் சைகைத் தொகுதி ஒன்றை உருவாக்கினார்கள். மூன்று பெயரின் முன்னெழுத்துகளையும் சேர்த்து அதற்கு மாக்கடோன் என்று பெயர். அதை அப்படியே கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றில்லை. பெரியப்பா வீட்டிலும் கோண்டாவில் மாமி வீட்டிலும் ஒரே சைகைக்கு ஒரே அர்த்தம் இருந்தால் போதும். ஒரு வீட்டில் வயிற்றைத் தடவினால் பசி, மற்ற வீட்டில் வயிற்றுக்குத்து என்றால் பிள்ளை என்ன செய்யும்? ஒரு கொப்பியில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

கையின் தசை தளர்வாக இருப்பதால் அவளின் சைகை அவ்வளவு துப்புரவாக இராது. கிட்டத்தட்ட வந்தாலே ஏற்றுக்கொள்ளுங்கள். காதுப் பரிசோதனையை மட்டும் ஒரு தரத்தோடு நிறுத்தவேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கட்டுவது மிகச் சாதாரணம், போன வருடம் சரியாக இருந்தது என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்று ஒன்று கேள்விப்பட்டேன். அதுவும் இப்படியா?

தலைகீழ். மிக அரிதானது, ஏழாவது குரோமோசோமில் சிறு பகுதி இல்லாமல் போவதால் வருகிறது. பொதுவாகப் பிள்ளைகள் முதலில் சுட்டுவார்கள், பிறகு பெயர் சொல்வார்கள். இவர்களில் பலர் பெயர் சொல்லத் தொடங்கிய பிறகுதான் சுட்டுகிறார்கள். ஆட்களோடு நன்றாகச் சிரித்துக் கதைப்பார்கள், விரல் நீட்டினால் தடுமாறுவார்கள். வாயும் கையும் வேறு வேறு வழியில் வளரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

வேறு ஒரு குறையும் இல்லை, பேச்சு மட்டும் பிந்துகிறது. இந்தப் பிள்ளைகளுக்குச் சைகை விளங்குமா?

இரண்டு வயதில் பேச்சுப் பிந்திய பிள்ளைகளில் ஒரு பகுதி தாமாகவே ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் பின்தங்கியே நிற்பார்கள். யார் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே சொல்வது கடினம். ஆனால் சைகை நன்றாக விளங்கி, தானும் பல சைகை செய்யும் பிள்ளை ஓடிவந்து சேர்வதற்கு வாய்ப்புக் கூட.

பின்தங்கியே நிற்பவர்களுக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் மொழி விருத்திக் குறைபாடு. நூற்றுக்கு ஏழு பேரளவில் இருக்கிறார்கள். 30 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். ஓட்டிசத்தைவிட எவ்வளவோ கூட, ஆனால் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. "கவனமில்லாதவன்", "சோம்பேறி" என்ற பெயர்களில் பின் வாங்கில் இருப்பார்கள். கதைக்க முடியாத இடத்தைக் கையால் நிரப்புவார்கள். அதனால் சைகையில் இவர்கள் கெட்டிக்காரர் என்று நினைப்போம். ஆனால் சைகையை விளங்கிக்கொள்ளும் சோதனைகளில் பல ஆய்வுகள் இவர்களை ஒத்த வயதுப் பிள்ளைகளுக்குக் கீழேதான் கண்டிருக்கின்றன. செய்வது ஒன்று, விளங்குவது வேறொன்று. ஆசிரியர் சொல்லோடு கையும் காட்டினால் இவர்களுக்கு உதவி கிடைக்கிறது என்பதும் உண்மை.

முன்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாரும் எழும்புங்கோ" என்றதும் எழும்புகிற பிள்ளைக்கு உங்கள் சொல் விளங்கியதாக எடுத்துவிடாதீர்கள். பக்கத்துப் பிள்ளை எழும்பியது விளங்கியிருக்கலாம். அரை வினாடி பிந்தி எழும்புபவர் யார் என்று ஒரு கிழமை பாருங்கள்.

கை காட்டிப் பழக்கினால் பிறகு கதைக்க மாட்டான் என்று மாமியார் சொல்கிறார்.

மாமியாரோடு சண்டை வேண்டாம், ஆனால் அது சரியில்லை. சைகை பேச்சின் இடத்தைப் பிடிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சைகையும் பேச்சும் உள்ளே ஒரே வேரிலிருந்து வருகின்றன. பிறவியிலேயே பார்வை இல்லாத, யாரும் கை அசைப்பதை ஒருநாளும் காணாத பிள்ளைகள்கூடக் கதைக்கும்போது கையை அசைக்கிறார்கள், அதுவும் எதிரே இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தே. 1998-இல் வெளியான இந்த முடிவைப் படித்த அன்று நானும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

மாமியார் சொல்வதில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது, வேறு இடத்தில். பிள்ளை கையைத் தூக்குமுன்பே பால் வந்துவிடுகிற வீட்டில் பிள்ளைக்குக் கேட்கவேண்டிய தேவை இல்லை, கையாலும் இல்லை, வாயாலும் இல்லை. பெரும்பாலும் அந்தப் பாலைக் கொண்டுவருபவர் மாமியார்தான்.

தலையாட்டுவதில் வெளிநாட்டுப் பிள்ளைகள் குழம்புகிறார்களே?

குழம்பத்தான் செய்வார்கள். நாங்கள் "ஓம்" என்பதற்குத் தலையைத் தோளுக்குத் தோள் சரிக்கிறோம். லண்டனில் வளரும் பேத்தி அதை "இல்லை" என்று எடுக்கிறாள். "வா" என்று உள்ளங்கையைக் கீழே வைத்து விரலை அசைத்தால் அவள் டாட்டா காட்டிவிட்டுப் போகிறாள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இந்த வேடிக்கையை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். இதில் கோளாறு எதுவும் இல்லை, ஊர் வழக்கு வேறு. சுட்டுவது மட்டும் எந்த ஊரிலும் சுட்டுவதுதான், அதனால் சோதிப்பதென்றால் அதை வைத்துச் சோதியுங்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பையன் ஒருவனை மதிப்பிட்டு, "எதைக் கேட்டாலும் மறுக்கிறான்" என்று எழுதிவிட்டுப் போனார். அவன் பாவம், எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சரித்திருக்கிறான்.

அதோடு, "பெரியாக்களை விரல் நீட்டிக் காட்டாதை", "பூசணிப் பிஞ்சைக் காட்டினால் அழுகிப்போம்" என்று சின்னப் பிள்ளையின் விரலை மடக்காதீர்கள். மரியாதை நாலு வயதில் படிப்பிக்கலாம். ஒரு பூசணி போனால் போகட்டும்.

போனைப் பார்த்து ஏபிசி எல்லாம் சொல்கிறான். அதில் சைகையும் கற்றுக்கொள்வான்தானே?

பிள்ளை சுட்டினால் போன் திரும்பிப் பார்க்காது. விரலால் திரையைத் தள்ளுவது சுட்டுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றது. கனடாவில் இருக்கும் அம்மப்பாவோடு வீடியோவில் கதைப்பது வேறு. அவர் திருப்பிக் கை காட்டுவார்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளையின் உயரத்துக்கு இறங்குங்கள். நின்றுகொண்டு காட்டும் விரல் பிள்ளைக்குக் கூரையைத்தான் காட்டும். கிட்ட இருப்பதிலிருந்து தொடங்குங்கள்: பொருளைத் தொட்டுக் காட்டுங்கள், அடுத்த கிழமை ஒரு சாண் விலகி, பிறகு அறையின் மறுபக்கம், பிறகு படலை, கடைசியில் நிலா. விரலையே பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் படிகளை மிக மெதுவாக ஏறவேண்டும், மாதங்கள் எடுக்கும்.

காட்டிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். மூன்றாவது எண்ணுக்குள் "அங்கை, அங்கை பார், இஞ்சை, அது, உது" என்று ஐந்து சொல் விழுந்துவிடும். பிள்ளைக்கு ஒரு கையும் ஒரு சொல்லும் போதும். அந்தச் சொல்லும் "உது" என்று இல்லாமல் "வாளி" என்று இருக்கட்டும்.

பாவனைச் சைகைக்குத் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. தேங்காய் திருவும்போது, இடியப்பம் பிழியும்போது, கிணற்றடியில் தண்ணீர் வார்க்கும்போது அந்த அசைவை வெறுங்கையால் ஒரு தரம் செய்து காட்டி, பிறகு உண்மையாகச் செய்யுங்கள். கை முதலில், பொருள் பிறகு. சில நாளில் நீங்கள் வெறுங்கையால் பிழிந்ததும் பிள்ளை உரலைப் பார்க்கும். "கண்ணைப் பார், கண்ணைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதை மட்டும் நிறுத்துங்கள். அவன் பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் நீங்கள் போய் இருங்கள்.

பழக்கினால் மாறுமா? சிகிச்சையாளர் கிடைக்காவிட்டால்?

தமிழில் கதைக்கும் பேச்சுச் சிகிச்சையாளர் இந்தப் பகுதியில் போதாது, காத்திருக்கும் வரிசை நீளம். அதனால் இதைச் சொல்வது எனக்கு முக்கியம். 2016-இல் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஓட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குப் பழக்கினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் கொடுப்பது கூடியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். மந்திரம் இல்லை. ஆனால் எங்களைப் போன்ற ஊர்களில், எங்களைப் போன்ற வீடுகளில் நடந்தது அது.

எப்போது, எங்கே காட்டவேண்டும்?

ஒரு வயதில் சுட்டுவதோ டாட்டா காட்டுவதோ எதுவும் இல்லை என்றால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம், மிட்வைஃப் என்று நாம் சொல்பவரிடம், சொல்லுங்கள். ஒன்றரை வயதிலும் சுட்டு இல்லை, காட்டினாலும் பார்ப்பதில்லை என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகக் குழந்தை வைத்தியரிடம் போக வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு ஓட்டிசச் சாயல் பார்க்கும் கேள்விப் பட்டியல் ஒன்று உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது. அதில் சுட்டுவதைப் பற்றியே ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள் உண்டு. செய்துகொண்டிருந்த சைகையோ சொல்லோ எந்த வயதிலாவது நின்றுபோனால் உடனே போங்கள்.

"ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான், மூண்டு வயசுக்குப் பிறகு வாங்கோ" என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரே திருப்பி அனுப்பிய பிள்ளையை நான் நாலரை வயதில் கண்டேன். மூன்று வயது வரை காத்திருக்கச் சொன்னால், "சரி, ஆனால் இவன் சுட்டுவதும் இல்லையே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்குக் கதவு திறக்கும்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, காதுப் பரிசோதனை செய்திருந்தால் அந்தத் துண்டு, பிடித்த விளையாட்டுச் சாமான் ஒன்று. அதோடு, போனில் எடுத்த இரண்டு மூன்று நிமிட வீடியோ. புது இடத்தில், புது முகத்துக்கு முன்னால் பல பிள்ளைகள் விரலையும் மடக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். பிறந்தநாள் வீடியோ வேண்டாம். பின்னேரம், வீட்டு விறாந்தையில், ஒருவரும் "டாட்டா காட்டு, டாட்டா காட்டு" என்று நச்சரிக்காத நேரத்தில் எடுங்கள். செருப்பைப் போடச் சொன்ன அம்மம்மாவும் படத்துக்குள் இருக்கட்டும், ஒரு தரம் கையைக் கட்டிக்கொண்டு.